பயணத்தில் பிறந்த வெண்கல ஆடற்சிலை: அறிந்து வாங்குவதற்கும் பேணுவதற்கும் ஒரு வழிகாட்டி

எண்ணிக்கை வரையறுத்து வார்க்கப்படும் வெண்கல ஆடற்சிலைகள் விற்பனைக்கு வரும்போது, அவற்றோடு பெரும்பாலும் ஒரு பயணக் கதையும் சேர்ந்தே வருகிறது. கலைஞர் தொலைதூர நாடு ஒன்றுக்குச் சென்றார், அங்கே ஒரு பெண் ஆடுவதைக் கண்டார், ஊர் திரும்பிக் களிமண்ணில் அந்த அசைவைப் பிடித்தார் என்று மூன்று நான்கு வரிகள் விற்பனைக் குறிப்பில் இடம்பெறும். சிலையின் விலையில் அந்த வரிகளுக்கும் பங்கு உண்டு என்பதால், உலோகத்தைச் சோதிக்கும் அதே கவனத்தோடு கதையையும் சோதித்துப் பார்ப்பது வாங்குபவரின் கடமையாகிறது.

அத்தகைய சிலை ஒன்றைப் பற்றி நான்கு விவரங்களை அறிந்துகொள்ள வேண்டும்: வடித்தவர் யார், வார்த்த பட்டறை எது, வார்க்கப்பட்ட படிகள் (பிரதிகள்) எத்தனை, ஆடியவர் யார். முதல் மூன்றையும் கேட்கும் வழக்கம் சந்தையில் ஏற்கெனவே இருக்கிறது. நான்காவதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் மற்ற மூன்றையும் விட விரைவாகக் கதையின் உண்மையை வெளிக்கொண்டு வருவது அந்த நான்காவது கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. கலைஞர் உண்மையிலேயே ஓர் ஆட்டத்தைப் பார்த்திருந்தால், ஆடியவரின் பெயரோ, குழுவின் பெயரோ, ஆட்டத்தின் பெயரோ, குறைந்தது ஊரும் ஆண்டுமோ எங்காவது பதிவாகியிருக்கும்.

பயணம் செய்தவர் யார்

பயணக் கதை என்றவுடன் கலைஞரே கப்பலேறிச் சென்றதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாற்றில் பல சமயங்களில் பயணம் செய்தவர்கள் ஆடியவர்களாகவே இருந்தார்கள். 1906ஆம் ஆண்டு கம்போடிய மன்னர் சிசொவத் பிரான்சுக்கு வந்தபோது அவருடைய அரசவை ஆடற்குழுவும் உடன் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பாரிசில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்த சிற்பி ஒகுஸ்த் ரோதான், அப்போது அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், அவர்களைப் பின்தொடர்ந்து மார்சேய் வரை சென்று, சுமார் 150 ஓவியங்களைத் தீட்டினார். நீர்வண்ணம் தோய்ந்த அந்தக் காகிதங்களில் மணிக்கட்டு வளைவும் விரல்களின் பின்மடிப்பும் எத்தனை நுணுக்கமாகப் பிடிபட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கும் எவருக்கும், நேரில் கண்ட கண்ணுக்கும் கற்பனை செய்த கண்ணுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கம்போடிய ஆடற்குழுவை ரோதான் ஓவியங்களில்தான் பதிவு செய்தார். 'ஆட்ட அசைவுகள்' என்று அழைக்கப்படும் அவருடைய சிறு உருவங்கள் 1911ஐ ஒட்டி வேறு ஆட்களை மாதிரிகளாக நிறுத்திச் செய்யப்பட்டவை. அவற்றின் வெண்கல வார்ப்புகளும் 1917இல் அவர் மறைந்த பிறகு வந்தவையே. ஆகவே அவ்வுருவங்களில் ஒன்றைக் 'கம்போடிய ஆடல்மகள்' என்று எவரேனும் விற்க முன்வந்தால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே.

பயணமும் வெண்கலமும் உண்மையிலேயே ஒன்றுசேர்ந்த வாழ்க்கை அமெரிக்கச் சிற்பி மால்வினா ஹோஃப்மனுடையது. 1885இல் நியூயார்க்கில் பிறந்த இவர், 1910இல் பாரிசுக்குச் சென்று ரோதானிடம் பயின்றார். அதே காலத்தில் லண்டனில் ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு, அதன் தாக்கத்தில் வடித்த ரஷ்ய ஆடற்கலைஞர் இணையின் சிலை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிற்பாடு பாவ்லோவா அவருக்கு நெருங்கிய தோழியானார். ஆடைமடிப்பைக் கையில் பற்றிய கோலத்தில் பாவ்லோவாவைக் காட்டும் 'கவோத்' (ஒரு பழைய பிரெஞ்சு ஆட்டத்தின் பெயர்) சிலை 1915ஐ ஒட்டியது. அதே பாவ்லோவா 1920களில் இந்தியாவுக்கு வந்தார் என்பதும், அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கை அதன் பிறகு ஆடலை நோக்கித் திரும்பி, 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்ததில் சென்று சேர்ந்தது என்பதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்திகளே. ஹோஃப்மனின் கைகளில் வெண்கலமான அந்த உடலின் அசைவுதான் நம் ஊர் ஆடல் வரலாற்றையும் ஒரு முறை தொட்டுச் சென்றது.

சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 1930ஐ ஒட்டி உலக மக்களின் உருவங்களை வடித்துத் தரும் பெரும் பணியை ஹோஃப்மனிடம் ஒப்படைத்தது. கணவர் சாமுவேல் கிரிம்சனுடன் அவர் ஜப்பான், சீனா, பாலி, ஜாவா, மலாயா, இந்தியா, இலங்கை எனப் பயணம் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை உருவாக்கினார். கண்காட்சிக் கூடம் 1933இல் திறக்கப்பட்டது. அவ்வுருவங்களுள் மரமேறும் தமிழர் ஒருவரும் இருக்கிறார். ஆப்பிரிக்காவின் சாரா மக்களைச் சேர்ந்த டபோவா என்ற ஆடற்பெண்ணின் சிலை அந்தத் தொகுப்பின் அழகுமிக்க படைப்புகளுள் ஒன்று. ஆப்பிரிக்க உருவங்கள் பலவற்றுக்கு ஹோஃப்மன் ஆப்பிரிக்காவுக்குச் செல்லவில்லை. 1931இல் பாரிசில் நடந்த காலனியக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த மக்களிடையே அவருக்கு மாதிரிகள் கிடைத்தார்கள்.

மனிதர்களை இனவகைகளாகப் பிரித்துக் காட்டும் நோக்கத்தோடு அமைக்கப்பட்ட அந்தக் கூடம், அத்தகைய பிரிவினைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்ற உணர்வு பரவிய பிறகு, 1960களின் இறுதியில் கலைக்கப்பட்டது. 2016இல் அதே அருங்காட்சியகம் ஐம்பது உருவங்களைச் செப்பனிட்டு மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, வகைப்பெயரால் மட்டும் அறியப்பட்டிருந்த மனிதர்கள் சிலருடைய சொந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து அருகில் எழுதி வைத்தது. ஓர் அருங்காட்சியகம் எண்பது ஆண்டுகள் கழித்துச் செய்த அந்தத் தேடலைத் தனிப்பட்ட சேகரிப்பாளர் வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடலாம்.

இவற்றுக்கு மாறான மரபும் ஒன்று இருக்கிறது. ருமேனியாவில் பிறந்து பாரிசில் பணியாற்றிய தெமேத்ர் ஷிபாருஸ் (1886–1947) வடித்த, வெண்கலமும் தந்தமும் சேர்ந்த ஆடல்மகளிர் உருவங்கள் இன்று பெருவிலைக்குப் போகின்றன. அவற்றின் கீழைத்தேயக் கோலங்கள் பாரிசின் மேடைகளிலிருந்தும், ரஷ்யப் பாலே குழுவின் ஆடையலங்காரத்திலிருந்தும், 1922இல் துட்டன்காமன் கல்லறை திறக்கப்பட்டபின் எழுந்த எகிப்திய மோகத்திலிருந்தும் வந்தவை. அவை அழகிய படைப்புகள்தாம். மேடைக் கற்பனையாக அவற்றை நேசிப்பதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அவற்றைப் பயணப் பதிவுகளாக எண்ணி வாங்குவது தவறாகும்.

இக்காலக் கலைஞர் ஒருவரின் சிலையை வாங்குவதாக இருந்தால், அவர் எந்த ஊருக்கு எந்த ஆண்டில் சென்றார், எந்த ஆட்டத்தைப் பார்த்தார், அங்கே வரைந்த கோட்டோவியங்களும் எடுத்த ஒளிப்படங்களும் உள்ளனவா, முதல் சிறுமாதிரி எப்போது செய்யப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையில் பயணம் செய்த கலைஞர்கள் இக்கேள்விகளை விரும்புவார்கள். அவர்களிடம் குறிப்பேடுகள் இருக்கும், ஆடியவரைப் பற்றிப் பேசுவதற்குச் செய்திகளும் இருக்கும். ஆட்டத்தின் பெயரைக்கூடச் சொல்ல இயலாமல் 'கீழைநாட்டு மர்மம்' என்ற அளவில் நின்றுவிடும் விளக்கத்துக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

களிமண்ணிலிருந்து வெண்கலம் வரை

சிலை உருவாகும் வழியை அறிந்திருந்தால், எந்த இடத்தில் தரம் குறைகிறது, எந்த இடத்தில் போலி நுழைகிறது என்பது தானாகவே புலப்படும். சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைக் கையால் வடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சுட்டு, உருகி வெளியேறிய மெழுகின் இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சு உடைக்கப்பட்டுவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டி வார்ப்பாகவும் அது அமையும். ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளின் முறை வேறு. அங்கே கலைஞர் களிமண்ணில் வடித்த உருவத்தின்மேல் ரப்பர் அல்லது சுண்ணச்சாந்து அச்சு எடுக்கப்படுகிறது. அந்த அச்சிலிருந்து வேண்டிய எண்ணிக்கையில் உள்ளீடற்ற மெழுகுப் படிகளை எடுக்க முடியும். ஒவ்வொரு மெழுகுப் படியையும் சீர்செய்து, உலோகம் பாய்வதற்கும் காற்று வெளியேறுவதற்கும் மெழுகுக் குழல்களைப் பொருத்தி, சுடுமண் கலவையில் தோய்த்து ஓடு கட்டி, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், சுமார் 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அந்த வார்ப்பை, தேவையானால் பகுதி பகுதியாக வார்த்துப் பற்றவைத்து, உளியால் செதுக்கி, சூடாக்கிய மேற்பரப்பில் இரும்பு நைட்ரேட், செப்பு நைட்ரேட் போன்ற உப்புக் கரைசல்களைப் பூசிப் பழுப்பு, பச்சை, கருமை நிறங்களை வரவழைக்கிறார்கள். இந்த மேற்பரப்பு நிறத்தையே பாட்டினா என்கிறோம்.

அச்சு மீண்டும் மீண்டும் பயன்படுவதால்தான் 'எத்தனை படிகள்' என்ற கேள்வி இத்தகைய சிலைகளுக்கு உயிர்நாடியாகிறது. அதே காரணத்தால்தான் திருட்டு வார்ப்பும் எளிதாகிறது. கலைஞரின் மூல உருவத்திலிருந்து அச்சு எடுக்காமல், ஏற்கெனவே விற்ற வெண்கலச் சிலை ஒன்றின்மேல் அச்சு எடுத்து மறுபடி வார்ப்பதுண்டு. உருகிய வெண்கலம் குளிரும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். ஆகவே மறுவார்ப்பு மூலத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். 40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடற்சிலையில் இந்த வேறுபாடு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் வரும். அருங்காட்சியகப் பட்டியலிலோ கலைஞரின் ஆவணங்களிலோ உள்ள உயரத்தோடு, பீடத்தை நீக்கிய சிலையின் உயரத்தை அளந்து ஒப்பிடுவது மிக எளிய, ஆனால் வலிமையான சோதனை. அளவோடு நுணுக்கமும் குறையும்: கண்ணிமையின் விளிம்பு, விரல் நகம், ஆடையின் நெசவுத் தடம் ஆகியவை மழுங்கி, மேற்பரப்பு வழவழப்பாகத் தோன்றும்.

உலோகமே வெண்கலம்தானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். வெண்கலத்தைப் போல நிறம் பூசிய துத்தநாகக் கலவைச் சிலைகள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சந்தையில் உள்ளன. வெண்கலப் பொடி கலந்த ரெசின் (செயற்கைப் பிசின்) உருவங்கள் இப்போது 'குளிர்வார்ப்பு வெண்கலம்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. விரல் கணுவால் மெல்லத் தட்டினால் வெண்கலம் சற்று நீண்டு ஒலிக்கும். துத்தநாகம் மந்தமாக ஒலிக்கும். ரெசின் ஒலிக்கவே ஒலிக்காது, தொடுகையில் குளிர்ச்சியும் இராது. சிலையைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் உரசல் தடம் உள்ளதா என்று பாருங்கள்: செம்பொன் நிறம் தெரிந்தால் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருக்கும், வெள்ளிச் சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். காந்தம் ஒட்டாது என்பது தேவையான சோதனையே தவிரப் போதுமான சோதனை அன்று, ஏனெனில் துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல வெண்கலச் சிலைக்குள் வலுவுக்காக வைத்த இரும்புக் கம்பியில் ஒட்டவும் கூடும். எடையை மட்டும் நம்ப வேண்டாம். கனத்த பளிங்குப் பீடம் எந்தச் சிலையையும் கனமாக்கிவிடும்.

ஆடும் உடலைப் பார்க்கும் முறை

அமர்ந்த உருவத்தையோ மார்பளவுச் சிலையையோ வாங்குவதைவிட ஆடற்சிலையை வாங்குவதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது, ஏனெனில் முழு உடலின் எடையும் பல சமயங்களில் ஒரே கணுக்காலின்மேல் இறங்குகிறது. கலைஞரின் அறிவும் பட்டறையின் திறமையும் ஒருங்கே வெளிப்படும் இடம் அதுதான்.

முதலில் சிலையைச் சுற்றி நடந்து பாருங்கள். நேரில் ஆட்டத்தைக் கண்ட சிற்பி, ஆடுபவரின் முதுகையும் பார்த்திருப்பார். தோள்பட்டை எலும்பு எப்படி உயர்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது, தூக்கிய காலுக்கு ஈடாக உடல் எந்தத் திசையில் சாய்கிறது என்பதெல்லாம் பின்புறத்தில் தெளிவாக இருக்கும். ஒளிப்படத்தை மட்டும் பார்த்து வடித்த உருவம் முன்னிருந்து நன்றாக இருந்து, பக்கவாட்டில் தட்டையாகிவிடும். ஊன்றிய பாதத்தின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை மனத்தில் இழுத்துப் பாருங்கள். உயிருள்ள ஆடலில் உடலின் எடை அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சமன்படும். சுழற்சியின் நடுக்கணத்தைக் காட்டும் சிலையில் அந்தச் சமநிலை வேண்டுமென்றே குலைக்கப்பட்டிருக்கலாம்; அப்போது பறக்கும் ஆடையோ நீட்டிய கையோ எதிர்ப்பக்கம் இழுத்து அதை ஈடுசெய்திருக்க வேண்டும். ஆட்டமரபை ஓரளவேனும் அறிந்தவர் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்வது, விலைமதிப்பீட்டாளரை அழைத்துச் செல்வதைவிடப் பயனுள்ளது என்றே சொல்வேன். பாலித் தீவின் லெகோங் ஆட்டத்தில் விரல்கள் நடுங்குவதையும் கண்கள் சட்டென்று பக்கம் திரும்புவதையும் அறிந்தவருக்கு, பெயரளவில் 'பாலி ஆடல்மகள்' என்று சொல்லப்படும் சிலையின் கைகள் ஐரோப்பியப் பாலேயின் கைகளாக இருப்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, கணுக்கால், மணிக்கட்டு, கழுத்து, ஆடையின் மெல்லிய விளிம்பு ஆகிய இடங்களில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு, சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாத ஒரு வளையம், சிறு சிறு குழிகளின் கூட்டம் ஆகியவை பற்றவைப்பு சரியாக அமையாததையோ பின்னாளில் முறிந்து ஒட்டப்பட்டதையோ காட்டும். நல்ல பட்டறையில் பற்றவைத்த இடமும் சுற்றியுள்ள பரப்பின் விரல்தடங்களோடும் கருவித் தடங்களோடும் இயைந்துவிடும். பீடத்தைப் பிடித்துக்கொண்டு சிலையின் இடுப்பை மெல்ல அசைத்தால், பீடத்தோடு பொருத்திய திருகு தளர்ந்திருக்கிறதா என்பது தெரியும். தளர்ந்த திருகைச் சரிசெய்துவிடலாம். கணுக்காலில் வெடிப்புள்ள சிலையை, எத்தனை அழகாக இருந்தாலும், அதற்குரிய விலைக்குறைப்பின்றி வாங்கக் கூடாது.

எண்ணும் முத்திரையும்

சிலையின் அடியிலோ பீடத்தின் பின்விளிம்பிலோ 3/8 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். எட்டுப் படிகளுள் மூன்றாவது என்பது இதன் பொருள். பிரான்சில் மூலச் சிற்பமாக ஏற்கப்படும் வெண்கல வார்ப்பு பன்னிரண்டு படிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது நிலைபெற்ற விதி: எட்டுப் படிகள் சாதாரண எண்களோடும், கலைஞருக்கென ஒதுக்கப்படும் நான்கு 'கலைஞர் படிகள்' ரோமன் எண்களோடும் வரும். அந்த எல்லையைக் கடந்தவை, 1981ஆம் ஆண்டு அரசாணையின்படி 'மறுவாக்கம்' என்ற சொல்லைத் தாங்கியிருக்க வேண்டும். பிற நாடுகளில் கலைஞரே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறார். முப்பது, தொண்ணூறு என்றும், சில நூறுகள் என்றும் பதிப்புகள் உண்டு. எண்ணிக்கை பெருகப் பெருகச் சேகரிப்பு மதிப்புக் குறையும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் எண் கொண்ட படி உயர்ந்தது என்ற நம்பிக்கைக்கு, இன்றைய ரப்பர் அச்சுகளையும் சுடுமண் ஓடுகளையும் பொறுத்தவரை, பெரிய அடிப்படை இல்லை. ஒவ்வொரு மெழுகுப் படியும் தனித்தனியே சீர்செய்யப்படுவதால், எட்டாவது படி முதலாவதைவிடக் கூர்மையாக அமைவதும் உண்டு.

விற்பவரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டியவை சில உண்டு. இதே உருவம் வேறு அளவுகளிலும் வார்க்கப்பட்டுள்ளதா, வேறு பாட்டினா நிறத்தில் தனிப் பதிப்பு உள்ளதா, ரெசினில் மலிவுப் பதிப்பு உள்ளதா, கலைஞர் படிகள் எத்தனை, பதிப்பு முடிந்தபின் அச்சு என்ன ஆகும் என்பன அவை. 'இருபத்தைந்தே படிகள்' என்று விளம்பரப்படுத்திவிட்டு, மூன்று அளவுகளில் மூன்று இருபத்தைந்துகளை வெளியிடுவது சட்டத்துக்குப் புறம்பானது அன்று. ஆனால் வாங்குபவர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கையொப்பமும் பட்டறை முத்திரையும் மெழுகு நிலையிலேயே பொறிக்கப்பட்டிருந்தால், அவற்றின் விளிம்புகள் மேற்பரப்போடு சேர்ந்து மென்மையாக உருகி நிற்கும். வார்த்தபின் வெட்டிய எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக, உலோகம் பிதுங்கியதாக இருக்கும். பின்னால் வெட்டியது என்பதனாலேயே போலி என்று முடிவுகட்ட முடியாது. படி எண்ணைப் பின்னால் பொறிக்கும் பட்டறைகள் உண்டு. பழைய முத்திரைகளைப் பொறுத்தவரை, காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே சரியான வழி. ரோதானின் வார்ப்புகளால் புகழ்பெற்ற அலெக்சி ரூதியே பட்டறையின் முத்திரை, அலெக்சி 1897இல் மறைந்தபின்னும் அவருடைய மகன் ஒழேனின் கையில் 1952 வரை தொடர்ந்தது. ஆகவே அம்முத்திரை தாங்கிய சிலை அதற்குப் பிந்திய ஆண்டில் வார்க்கப்பட்டதாக ஆவணம் சொன்னால் ஏதோ தவறு இருக்கிறது. இதே முத்திரையைப் பயன்படுத்திப் பெருமளவில் போலி வார்ப்புகள் செய்யப்பட்டது 1990களில் பிரான்சில் அம்பலமாகி, நீதிமன்றத் தண்டனை வரை சென்றது. அவற்றுள் பல இன்னும் சந்தையில் புழங்குகின்றன என்பதால், முத்திரை ஒன்றையே சான்றாகக் கொள்ள முடியாது. கலைஞர் மறைந்தபின் வார்த்த படிகள் எல்லாம் மதிப்பற்றவை என்றும் எண்ண வேண்டாம். பிரெஞ்சுக் கலைஞர் எட்கர் தேகா 1881இல் மெழுகில் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது ஆடற்சிறுமியின் வெண்கலப் படிகள் அனைத்தும் 1917இல் அவர் மறைந்தபின், பெரும்பாலும் எப்ரார் பட்டறையில், வார்க்கப்பட்டவையே. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெருமையோடு வைத்திருக்கின்றன. உரிமையுள்ளவர்களின் அனுமதியோடு, எண்ணிக்கை பதிவாகி, மூல உருவத்திலிருந்து வார்க்கப்பட்டதா என்பதே கேள்வி.

சான்றிதழில் உருவத்தின் பெயர், வடித்த ஆண்டு, வார்த்த ஆண்டு, பட்டறை, உலோகக் கலவை, உயரம், படி எண், மொத்தப் படிகள், கலைஞரின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். ஒளிப்படம் ஒட்டப்படாத சான்றிதழ் எந்தச் சிலைக்கும் பொருந்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லை கடந்து வரும்போது

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் பொருள்பட்டியலில் 'மூலச் சிற்பம்' என்ற விவரமும் படி எண்ணும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலகளாவிய சுங்க வகைப்பாட்டில் மூலச் சிற்பங்கள் 9703 என்ற தலைப்பின் கீழும், மலிவு உலோகத்தாலான அலங்காரச் சிலைகள் 8306 என்ற தலைப்பின் கீழும் வருவதால், செலுத்த வேண்டிய வரி அதற்கேற்ப மாறும். நூறாண்டு கடந்த சிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் குறுக்கிடும். பின்னாளில் அதை வெளியே எடுத்துச் செல்ல நேரும்போது எழும் கேள்விகளுக்கு, இறக்குமதி செய்த ஆவணமே விடையாகும். அதைத் தொலைத்துவிடக் கூடாது.

தந்தம் சேர்ந்த ஆடற்சிலைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1990 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் இறக்குமதித் தந்தத்தின் வணிகமும் 1991இல் வனவிலங்குச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் தடைக்குள் வந்தது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், தந்தமுகம் கொண்ட பழைய பாரிசு உருவங்களின் போலிகள் எண்ணற்றவை. புதியவர்கள் கால்வைக்க ஏற்ற இடம் அதுவன்று.

வீட்டில் பேணும் முறை

நம் வீடுகளில் வெண்கலத்தையும் பித்தளையையும் புளி, எலுமிச்சை, விபூதி, கடையில் விற்கும் மெருகுப் பொடி ஆகியவற்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். விளக்குக்கும் குத்துப்போணிக்கும் பொருத்தமான அந்த வழக்கம் பாட்டினா பூசிய சிலைக்கு நஞ்சாகும். கலைஞரும் பட்டறையும் சேர்ந்து தீர்மானித்த நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும். மீண்டும் வரவழைக்கத் திறமையான பாட்டினாக் கலைஞர் தேவைப்படுவார், அப்போதும் அது பழைய நிறமாக இராது. வீட்டு வேலைகளில் உதவுபவர்களிடமும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தூசியை மென்மயிர்த் தூரிகையால், மேலிருந்து கீழாகத் தட்டிவிடுவது போதும். எண்ணெய்ப்பசை படிந்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்மையான, நடுநிலைத் தன்மையுள்ள சோப்பைக் கலந்து, பருத்தித் துணியால் துடைத்து, வெறும் நீரால் மறுபடி துடைத்து, மடிப்புகளுக்குள் ஈரம் தங்காமல் உலர்த்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசி, காய்ந்தபின் மென்துணியால் தேய்த்துவிட்டால், வியர்வையும் காற்றின் ஈரமும் உலோகத்தைத் தொடாது.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்பவர்கள் காற்றிலுள்ள உப்பை மறந்துவிடக் கூடாது. குளோரைடு உப்பு வெண்கலத்துக்குள் புகுந்தால், வெளிர்பச்சை நிறத்தில் பொடியாக உதிரும் புள்ளிகள் தோன்றி, ஈரம் உள்ளவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். பாட்டினாவின் பச்சை உலோகத்தோடு இறுகப் பற்றியிருக்கும். 'வெண்கல நோய்' எனப்படும் இந்த அரிப்பின் பச்சை விரலில் ஒட்டிக்கொண்டு வரும். அத்தகைய புள்ளியைக் கண்டால் சுரண்டிப் பார்க்காமல், சிலையை உலர்ந்த இடத்தில் தனியே வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரை நாடுங்கள். குளியலறைக் கழுவுபொருள்களின் ஆவி படும் இடமும், திறந்த பால்கனியும், சமையலறைப் புகை வரும் வழியும் சிலைக்கு ஏற்றவை அல்ல.

சிலையைத் தூக்கும்போது, நீட்டிய கையையோ பறக்கும் ஆடையையோ பற்றாமல், ஒரு கையைப் பீடத்தின் அடியிலும் மறு கையை இடுப்புப் பகுதியிலும் கொடுத்துத் தூக்க வேண்டும். வைக்கும் உயரம், ஆடுபவரின் மார்பு நம் கண்மட்டத்துக்கு வருமாறு இருந்தால், மேடையின் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழக் கிடைக்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் முதுகு மறைந்துவிடும். அறையின் மூலையிலிருந்து சற்று முன்னே நகர்த்தி, பக்கவாட்டில் தாழ்வாக ஓர் ஒற்றை விளக்கை அமைத்தால், தசையின் மேடுபள்ளங்களும் கலைஞரின் விரல்தடங்களும் தெளிவாகத் தெரியும்.

இவற்றோடு சிலைக்கென ஒரு கோப்பைத் தொடங்குங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, சான்றிதழ், சுங்க ஆவணம், நான்கு பக்கமிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த ஒளிப்படங்கள், மெழுகு பூசிய நாள்கள், விற்பவரோடும் கலைஞரோடும் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் அதில் சேரட்டும். முதல் தாளில் சிற்பியின் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், ஆடியவரின் பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்கவில்லையெனில் ஆட்டத்தின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி, பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டு, கலைஞரின் குறிப்பேடுகளோ கடிதங்களோ பின்னாளில் வெளிவரும்போது நிரப்பிக்கொள்ளுங்கள்.